ஈஸ்ட்டில் ஒரு காலி மனை

எந்த வரைபடமும் வரைபட ஒப்புதல் அலுவலகத்தின் முத்திரை இல்லாமல் அச்சேறக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவர்கள் ஊரையும் ஆற்றையும் மனதில் வைத்துத்தான் போட்டார்கள். ஆனால் ‘எந்த வரைபடமும்’ என்று எழுதித் தொலைத்துவிட்டார்களே, என்ன செய்வது?

ஆகவே டாக்டரம்மாவும் போக வேண்டியதாயிற்று. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஈஸ்ட்டின் குரோமோசோமில் எந்த ஜீன் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற டாக்டர். ரொட்டி மாவைப் பொங்க வைப்பதில் பங்குள்ள ஒரு ஜீனை அரும்பாடுபட்டுத் தேடிப் பிடித்து, அதன் இருப்பிடத்தை வரைபடமாகப் போட்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் அது அச்சாகாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. ஆய்வுக்கூடத்தை விட்டு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஒப்புதல் அதிகாரி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, ஒரே கோடா இருக்கு?”

“குரோமோசோம் அப்படித்தான் சார் இருக்கும்.”

“நாலு எல்லை எழுதலையே?”

“இடப்பக்கம் ஒரு ஜீன், வலப்பக்கம் ஒரு ஜீன். அவ்வளவுதான் சார்.”

“மேலயும் கீழயும்?”

“ஒண்ணும் இல்லை.”

“அப்போ ஒண்ணும் இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க.”

“யார்கிட்ட வாங்கணும் சார்?”

“எங்ககிட்டதான். ஆனா நேர்ல பார்க்காம குடுக்க மாட்டோம்.”

அப்படியாக அதிகாரி அளவு நாடா சகிதம் ஆய்வுக்கூடத்துக்கு எழுந்தருளினார். நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தார். பிறகு, பாரபட்சம் கூடாதென்று, மற்றொரு கண்ணையும் வைத்தார்.

“வெறும் உருண்டையா தெரியுது. வீடு எது, தெரு எது?”

“அது தெரியாது சார். ரெண்டு ஈஸ்ட்டைச் சேர்த்து வைப்போம். அதுங்களுக்கு நாலு வித்து பிறக்கும். ஊசியால பிரிச்சு வளர்த்துப் பார்ப்போம். ரெண்டு குணம் எப்பவும் சேர்ந்தே போச்சுன்னா அந்த ரெண்டு ஜீனும் பக்கத்து வீடு. அடிக்கடி பிரிஞ்சா தூரம்.”

“பிள்ளைங்களைப் பார்த்தே வீட்டைக் கண்டுபிடிக்கிறீங்க.” அதிகாரி மனதார மெச்சினார். “நாங்க வீட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்கிறதில்லை.” அப்படியே வரைபடத்தில் விரலை வைத்தார். “இங்க ஏன் வெறுமையா விட்டிருக்கீங்க?”

“அங்க என்ன இருக்குன்னு இன்னும் தெரியல சார்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என்ன இருக்கிறதென்று தெரியாத இடம் காலியிடம், காலியிடம் அரசுடையது, அரசுடையதைப் பொதுமக்களுக்கு ஒதுக்காமல் விடுவது கடமை தவறுதல். மறுநாளே மனை ஒதுக்கீட்டு அறிவிப்பு வந்துவிட்டது.

முதலில் ஊரே சிரித்தது. சிரித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றது. குரோமோசோமில் இடம் இல்லாதவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. பெண் கொடுப்பவர்கள், “மாப்பிள்ளைக்கு ஈஸ்ட்டில் ஏதாவது உண்டா?” என்று விசாரித்தார்கள். ஆய்வுக்கூட இயக்குநர் மூலை மனை வாங்கினார். ஒரு கோட்டில் மூலை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இயக்குநர் வாங்கியிருக்கிறார் என்றால் மூலை இருக்கத்தான் வேண்டும்.

வினை அங்கேதான் பிடித்தது. இயக்குநரின் மனை சரியாக அந்த ஜீனின் தலைமேல் விழுந்தது. ‘மேற்படி ஜீன் ஆக்கிரமிப்பை உடனே காலி செய்க’ என்று ஈஸ்ட் வளர்க்கும் பெட்டியின் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

டாக்டரம்மா அதிகாரியிடம் ஓடினாள். “அது கோடிக்கணக்கான வருஷமா அங்கதான் சார் இருக்கு!”

“ஆக்கிரமிச்சவங்க எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க.”

“அதை எப்படி சார் நகர்த்தறது?”

“வரைபடத்துலதானே நகர்த்தப் போறோம்? மாவுக்குப் போய் யார் சொல்லப் போறாங்க? கொஞ்சம் தள்ளிப் போடுங்க, இன்னிக்கே முத்திரை குத்திடறேன்.”

வீட்டுக்கு வந்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரிடம் கொட்டித் தீர்த்தாள். மாமியாருக்கும் வயிறு எரிந்தது. “அநியாயமா இருக்கே! அது சரி, நம்ம பேர்ல ஒண்ணு சொல்லி வெச்சியா?”

“அத்தை, அது கண்ணுக்கே தெரியாது.”

“என் தம்பி பொண்டாட்டி ரெண்டு வாங்கியிருக்கா. அவ கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுதா?”

இரவெல்லாம் புரண்டு, காலையில் ஒரு முடிவோடு எழுந்தாள். வேலை போனால் போகட்டும். பொய் வரைபடம் மட்டும் போடுவதில்லை. அதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்லவும் சொன்னாள்: “ஒரு மயிரிழைகூட நகர்த்த மாட்டேன் சார்.”

அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. “உங்க இஷ்டம். நகர்த்தினா அது பக்கத்துலயே ஒரு மனை மிஞ்சும். உங்க பேருக்கே எழுதலாம்னு இருந்தேன். இனிமே மனையே கிடையாது, இதுதான் கடைசி.”

“கடைசியா?” என்று வரிசை முழுவதும் முண்டியடித்தது. “அம்மாவுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்க சார்,” என்று பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளுக்கு மேலாக நீண்டது.

டாக்டரம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அந்தக் கோட்டின் ஒவ்வோர் அங்குலமும் அவளுக்கு அத்துப்படி. இருந்தாலும் குனிந்து, வரைபடத்தை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

“தண்ணி வசதி எப்படி சார்?” என்று கேட்டாள்.