ஒரு சொட்டு ஆயிலும் ஒரு வண்டிச் சாவியும்

கிளாம்ப்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் தன் மோட்டார் சைக்கிளின் ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் ஒரு சொட்டு ஆயில்கூடப் போகக் கூடாது. போனால், குழாய்க் கடையில் இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கே அர்த்தமில்லை.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வேறு. தெருவில் யார் வீட்டில் எது ஒழுகினாலும், "ஒரு கிளாம்ப் போட்டா சரியாயிடும்" என்பார். குழாய் ஒழுகினால் கிளாம்ப். கூரை ஒழுகினாலும் கிளாம்ப். ஜலதோஷத்தில் மூக்கு ஒழுகிய ஒருவரிடமும் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்தப் பெயர் அவரை விட்டுக் கழன்றதே இல்லை.

வண்டிக்கு வந்த நோய் இதுதான். எஞ்சின் வயிற்றில் சேரும் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது நேரே ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் போகும். காற்று மட்டும் போகவேண்டிய அந்த வழியில் ஆயிலும் கூடவே போக ஆரம்பித்தது. ஃபில்டர் ஊறிப்போய், வண்டி மூச்சுத் திணறி, பின்னால் புகையாகத் தள்ளியது. டப்பா நிரம்பிக் கசிந்த ஆயில் பின்சீட்டுக்காரர் மேல் தெறித்தது. பின்சீட்டுக்காரர் என்றால் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். சீருடை வெள்ளை.

"ஏங்க, இங்க பாருங்க. மறுபடியும்."

"எங்க?"

"எங்கயா? பாவாடையெல்லாம் புள்ளிமான் மாதிரி ஆயிருக்கு, எங்கன்னு கேக்கறீங்க!"

"துவைச்சா போயிடும்."

"சரி, துவைங்க."

கிளாம்ப்காரர் பேச்சை மாற்றினார். "இது சின்ன விஷயம். ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிச்சிடுவேன்."

"மெக்கானிக்கிட்ட விடுங்களேன்."

"மெக்கானிக்கா? இது குழாய் சமாசாரம். குழாய்ல வர்றத எப்படித் தடுக்கறதுன்னு அவன் எங்கிட்ட வந்து கத்துக்கணும்."

"கறை போகட்டும். தினமும் கெளம்பற நேரத்துல நீங்க வண்டியச் சுத்திச் சுத்தி வந்து, தட்டிப் பாத்து, மோந்து பாத்து... நான் டியூட்டிக்கு லேட்டு. ஹெட் நர்ஸ் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேக்கறாங்க. மானம் போகுது. சாவியக் குடுங்க, நானே ஓட்டிட்டுப் போறேன்."

"நீயா? உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்கப்பா வண்டிய ஓட்டியிருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி."

"அது வெறும் வண்டிம்மா. இது என் வண்டி. என் கைக்கு மட்டும்தான் அடங்கும்."

அடங்கியிருக்கும் லட்சணம் சீருடையில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவர் ஒன்றும் வண்டியைக் கவனிக்காத ஆள் அல்ல. வாராவாரம் ஆயில் அளவு பார்ப்பார். வாசலில் சைடு ஸ்டாண்டில் இடப்பக்கமாகச் சாய்ந்து வண்டி நிற்கும். வலப்பக்கம் எஞ்சினில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி, அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. குனிந்து பார்ப்பார். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கும். "பாவம், வத்திப்போச்சு" என்று தாராளமாக ஊற்றுவார். நடு ஸ்டாண்ட் என்று ஒன்று வண்டியில் உண்டு. அதைப் போட்டால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் அதன் பக்கமே போவதில்லை.

முதல் ஞாயிறு நடந்தது காலுறைத் திட்டம். ரப்பர் குழாயை டப்பாவிலிருந்து பிடுங்கி, சீட்டுக்கு அடியில் தூக்கி நிறுத்தி, நுனியில் தன் பழைய காலுறை ஒன்றை மாட்டி கிளாம்ப் போட்டார். காற்று துணி வழியாகப் போய்விடும், ஆயில் காலுறையில் தங்கிவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பாதி வழியில் காலுறை ஊறி, சூடான சைலன்சர் மேல் சொட்டத் தொடங்கியது. எழுந்த புகையைப் பார்த்துக் கொசுமருந்து வண்டி வருகிறதென்று தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. நர்ஸம்மா இறங்கி மீதி தூரம் நடந்தே போனாள். அன்றும் லேட்டு.

"இது தோல்வி இல்ல, பரிசோதனை" என்றார் கிளாம்ப்காரர்.

மனைவி வண்டிப் பக்கம் போய்க் குனிந்து அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சீருடையை ஊறவைத்தாள்.

அடுத்த ஞாயிறு சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, பாத்திரம் தேய்க்கற கம்பி நாரு எங்க?"

"ஆராய்ச்சிக்குப் போயிருக்கு."

"சாஸ் பாட்டிலு?"

"அதுவும் துணைக்குப் போயிருக்கு."

இது உண்மையிலேயே நல்ல யோசனை. குழாயை நடுவில் வெட்டி, காலி பாட்டிலை இடையில் வைத்து, மூடியில் இரண்டு ஓட்டை போட்டார். ஒன்றில் எஞ்சினிலிருந்து வரும் குழாய், இன்னொன்றில் டப்பாவுக்குப் போகும் குழாய். உள்ளே கம்பி நார். வருகிற ஆயில் நாரில் ஒட்டிக் கீழே வடிந்துவிடும், காற்று மட்டும் மேலே போகும். நாலு இடத்தில் கிளாம்ப். ஐந்தாவதாக ஒன்று, மனத் திருப்திக்கு.

வேலை செய்தது! டப்பா காய்ந்த சருகாக இருந்தது. சீருடையில் ஒரு புள்ளி கிடையாது. பாட்டில்தான் இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதிக்குமேல் நிரம்பியது. கிளாம்ப்காரர் அதைச் சிந்தாமல் சிதறாமல் மறுபடி எஞ்சினுக்குள்ளேயே ஊற்றினார். வாராந்திரக் கணக்கை அதற்குமேல் ஊற்றினார். ஊற்ற ஊற்ற இன்னும் வேகமாக நிரம்பியது.

அதற்கடுத்த ஞாயிறு எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அண்ணே, இம்புட்டு ஆயிலா?"

"இம்புட்டும் டப்பாவுக்குள்ள போயிருக்கும்ல? தடுத்தது யாரு?"

"நீங்கதாண்ணே."

"அதச் சொல்லுங்க!"

வாசலில் வந்து நின்ற நர்ஸம்மா, வார்டில் மருந்து பாட்டிலைப் பார்க்கிற மாதிரி அதைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, பாட்டிலுக்கு ஆயிலே வராம இருந்தா இன்னும் நல்லதுதானே?"

"வராம எப்படி இருக்கும்? எஞ்சின்னா துப்பத்தான் செய்யும்."

"நான் வராம பண்றேன்."

கிளாம்ப்காரர் சிரித்தார். தையல்காரரையும் சிரிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"எப்படி? ஊசி போட்டா?"

"ஒரு வாரம் டயம். உங்க பாட்டிலு, உங்க குழாயி, உங்க டப்பா எதையும் தொடமாட்டேன். எஞ்சினுக்குள்ள நானும் ஆயில் ஊத்தமாட்டேன், நீங்களும் ஊத்தக் கூடாது. பாட்டில்ல ஆயில் சேர்ந்துச்சுன்னா, இனிமே இந்த வண்டியப் பத்தி நான் வாயே தெறக்கமாட்டேன்."

"வாயே தெறக்கமாட்டியா?" கிளாம்ப்காரருக்கு நாக்கில் ஜலம் ஊறியது.

"சேரலைன்னா சாவி எனக்கு. நான் முன்னாடி, நீங்க பின்னாடி. இனிமே நீங்க என்னை ஆஸ்பத்திரியில கொண்டுவிட வேண்டாம், நான் உங்களக் கடையில எறக்கிவிட்டுட்டு டியூட்டிக்குப் போவேன்."

"என் சாமானத் தொடாமலேயா? சரி! தையல்காரரே, நீங்கதான் சாட்சி. அப்புறம் இவ பேச்சு மாறக் கூடாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயை நன்றாகத் திறந்தே வைத்திருந்தார். பாட்டிலைத் தானே கழுவித் துடைத்து மாட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனார்.

திங்கள் சாயங்காலம் பார்த்தார். பாட்டில் காலி. முதல் நாள்தானே என்று விட்டுவிட்டார். செவ்வாயும் காலி. புதன்கிழமை குழாய் அடைத்துக்கொண்டதோ என்று கழற்றி ஊதிப் பார்த்தார். காற்று ஜம்மென்று போனது. மீசையில் பழைய கறுப்பு ஒட்டியதுதான் மிச்சம்.

அப்புறம்தான் வேடிக்கை. ஒரு சொட்டு ஆயில் வரக் கூடாது என்று சபதம் போட்ட மனிதர், ஒரே ஒரு சொட்டு வராதா என்று ஏங்க ஆரம்பித்தார். மேடு பள்ளமாகத் தேடிப் பார்த்து ஓட்டினார்.

"என்னங்க, நல்ல ரோடு அந்தப் பக்கம் போகுதே?"

"இது குறுக்கு வழி."

"குறுக்கு எலும்புதான் போகுது."

கடை வாசலில் நின்றபடியே வண்டியை உறுமவிட்டார். முதலாளி வெளியே வந்து, வண்டிக்குப் பிரசவமா என்று கேட்டார். சனிக்கிழமை தையல்காரரைக் கெஞ்சிப் பின்னால் ஏற்றி, மேட்டுத் தெருவில் ஏறி ஏறி இறங்கினார். பாட்டில் கழுவி வைத்த மாதிரியே பளபளத்தது. ஆயில் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே, இருக்கிற இடமே தெரியவில்லை. ஊற்றலாம் என்றால் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கை பரபரத்தது.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் பாட்டிலைத் திறந்து, உள்ளே ஒரு வெள்ளைத் துணியை விட்டுச் சுழற்றி எடுத்தார்.

"அண்ணே, துணி வெள்ளையாவே இருக்கு. சாவியக் குடுத்திருங்க."

"இருங்க! என்ன பண்ணினாள்னு மொதல்ல இவ சொல்லட்டும்."

"நடு ஸ்டாண்ட் போடுங்க" என்றாள் மனைவி.

"இடுப்பு..."

"போடுங்க."

முக்கி முனகிப் போட்டார். வண்டி நிமிர்ந்து நின்றது. கண்ணாடியில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒழுங்காக நின்றது.

"இப்ப சைடு ஸ்டாண்ட்."

வண்டி சாய்ந்தது. ஆயில் சரிந்து கண்ணாடியை விட்டே இறங்கிப்போனது.

"சாஞ்சு நிக்கறப்ப ஆயில் அந்தப் பக்கம் ஒதுங்கிடும். இங்க கம்மியாத்தான் தெரியும். அதப் பாத்துப் பாத்து நீங்க ஊத்து ஊத்துன்னு ஊத்தியிருக்கீங்க. கழுத்து வரைக்கும் ஊட்டினா அது கக்காம என்ன பண்ணும்? நாங்க ட்ரிப் பாட்டிலச் சாய்ச்சு வச்சு அளவு பாத்தா, வார்டுல ஒரு ஆளு மிஞ்சுமா?"

"அப்ப நீ..."

"நீங்க குளிக்கப் போனப்ப நடு ஸ்டாண்ட் போட்டு, பெரிய சிரிஞ்சுல ட்யூப மாட்டி, ஊத்தற வாய் வழியா உறிஞ்சி எடுத்தேன். கோட்டுக்கு வந்ததும் நிறுத்திட்டேன்."

"தனியாவா நடு ஸ்டாண்ட் போட்ட?"

"தெனமும் பேஷண்ட்டத் தூக்கி உக்கார வைக்கறேன். இது என்ன பெருசு?"

"இது ஏமாத்து! ஆயில எடுத்திருக்க!"

"ஊத்தக் கூடாதுன்னுதான் பேச்சு. எடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

கிளாம்ப்காரர் சாட்சியைப் பார்த்தார். சாட்சி வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டே, "யாரும் சொல்லலைண்ணே" என்றது.

திங்கட்கிழமை காலை நர்ஸம்மா முன்னால் ஏறி, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினாள். புகை இல்லை. கிளாம்ப்காரர் பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த முகம் எதுவும் எதிரே வரக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார். வண்டி என்னவோ அவள் கைக்கு நன்றாகவே அடங்கிப் போனது. முதல் திருப்பத்தில் மெல்லக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"காலுறை கட்டினீங்களே, அன்னிக்கே."

"அடிப்பாவி! அன்னிக்கே சொல்லியிருந்தா எவ்வளவு வேலை மிச்சம்?"

"சொல்லியிருந்தா வண்டிதாங்க சரியாயிருக்கும். சாவி என் கைக்கு வந்திருக்குமா?"