மேல்மாடி மாஸ்டரை எடுத்துக்கொள்ளவும்

பண்டாரவளை,
1965 ஆகஸ்ட்.

கண்ணியத்துக்குரிய மச்சான் ஸலீம் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் ஹுமைத் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், உங்கள் தங்கை ஸுபைதா, மகள் மர்லியா மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம் என்று எழுதுவது முறை. ஆகையால் எழுதிவிட்டேன். உண்மையில் ஸுபைதாவுக்குத் தலைவலி, மர்லியா சரியாகச் சாப்பிடுவதில்லை, எனக்கு நெஞ்சு படபடப்பு. மூன்றுக்கும் காரணம் நீங்கள் அனுப்பிவைத்த ஆள்தான்.

சீமையிலிருந்து இங்கிலீஷ் படிப்பிக்க ஒரு வாலிபர் வருகிறார், பெயர் நைஜல், தங்கமான குணம், உங்கள் கடை மேல்மாடி சும்மாதானே கிடக்கிறது என்று உங்கள் கல்விக் கந்தோரில் உத்தியோகத்தில் இருந்துகொண்டு எழுதினீர்கள். குணத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். கையால் சோறு தின்னப் பழகுகிறேன் என்று முழங்கை வரைக்கும் தின்கிறார். ஸுபைதாவின் மாசிச் சம்பலுக்குக் கண்ணீர் கொட்டக் கொட்ட "நல்லது, நல்லது" என்கிறார். மர்லியா இருக்கும் பக்கம் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் மச்சான், இந்த மனுசனுக்கு ஓரிடத்தில் குந்தியிருக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டால் பஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போவார். வெலிமடைக்குப் போனவர் லீக்ஸ் மரக்கறி மூட்டைகளின் மேல் படுத்து லொறியில் திரும்பி வந்தார், இரண்டு நாளாக மேல்மாடி முழுக்க லீக்ஸ் வாடை. ஹல்துமுல்லையில் வழி தவறி யாரோ இறந்துபோனவரின் கத்தம் வீட்டுக்குள் போய், மூன்றாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பிறகு நம்மவர்களைப் போல் உடுக்க ஆசை வந்து, என் கடையிலேயே ஒரு கைலிச் சாரம் வாங்கினார். கட்டத் தெரியாது. அதன் மேல் பெல்ட் போட்டுக்கொண்டு அப்புத்தளைக்குப் போனார். அப்புத்தளைக் காற்று உங்களுக்குத் தெரியும், அது வெள்ளைக்காரன், கறுப்பன் என்று பார்க்காது. ஸ்டேசனுக்கு எதிரே பெல்ட் மட்டும் இடுப்பில் நிற்க, சாரம் தேயிலைச் செடிகளுக்கு மேலே பறந்து போயிற்று. நல்ல வேளை, உள்ளே அரைக்காற்சட்டை இருந்தது. கேள்விப்பட்டு எனக்கே மானம் போய், இனிமேல் இந்த விளையாட்டு வேண்டாம் மாஸ்டர் என்று புத்தி சொல்லி, காக்கி அரைக்காற்சட்டையும், முழங்கால் வரைக்கும் வரும் சொக்ஸும், வாப்பா காலத்திலிருந்து மேல்தட்டில் விலைபோகாமல் கிடந்த காக்கித் தொப்பியையும் கொடுத்தேன். அந்த உடுப்பில் அவரைப் பார்த்தால் அச்சு அசல் தோட்டத் துரை. அப்போது அது எனக்குத் தோன்றவில்லை. வியாபாரம் நடந்த சந்தோசத்தில் இருந்தேன்.

இப்போது கேளுங்கள். போன கிழமை சூரிய உதயம் பார்க்கிறேன் என்று மாஸ்டர் இருட்டோடு எழும்பி அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துக்கு ஏறியிருக்கிறார். மூடுபனியில் சூரியன் எங்கே தெரியப்போகிறது? பெரட்டுத்தான் தெரிந்திருக்கிறது. தோட்டத்தில் விடியக்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் கவ்வாத்துக்கு என்று பிரித்து அனுப்புவார்களே, அதுதான். அன்றைக்குப் பார்த்து அந்தத் தோட்டத்துக்குப் புதிய சின்னத்துரை வருகிற நாள். பனிக்குள்ளிருந்து காக்கித் தொப்பியும் சொக்ஸுமாக ஒரு வெள்ளைக்காரர் வந்ததும் கங்காணி வீரய்யா ஓடிப்போய் சலாம் போட்டிருக்கிறார். வீரய்யா எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை, இதெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான்.

மாஸ்டருக்கு என்ன பழக்கம்? வரிசையாகச் சனம் நின்றால் அது வகுப்பு. "குட் மோர்னிங்" என்றாராம். பிறகு இரண்டு கையையும் கீழே தாழ்த்தி, உட்காரச் சொன்னாராம். அந்த மண்ணில் எந்தத் துரையும் யாரையும் உட்காரச் சொன்னது கிடையாது. பெண்டுகள் கூடையோடு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்களாம். இராக்கம்மா என்ற பெரிய மனுசி முதலில் உட்கார, மலையே உட்கார்ந்துவிட்டது. வந்த வாய்ப்பை மாஸ்டர் விடவில்லை. பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு "நோஸ்" என்றாராம். எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு "நோஸ்" என்றார்களாம். புதுத் துரை, புது உத்தரவு.

நேரங்காலம் பார்த்து, மோட்டார் சைக்கிளில் பெரியதுரை வந்தார். அவர் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள் மச்சான். வேலைக்குப் போகவேண்டிய சனமெல்லாம் தரையில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டு நாறுகிறது, புதிதாகக் கட்டித் தாருங்கள் என்று சனம் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததாம். அந்த நாற்றத்துக்குத்தான் ஸ்ட்ரைக் என்று நினைத்த பெரியதுரைக்கு முகம் சிவந்து, பிறகு வெளுத்து, "சரி, சரி, கான் இன்றைக்கே கட்டுவோம், எழும்புங்க" என்று அவராகவே சொல்லிவிட்டார். ஒருத்தரும் வாய் திறந்து கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், மூக்கல்லவா கையில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மாஸ்டரைப் பார்த்து, நீ யார், உன்னை யார் அனுப்பினது என்று கேட்டிருக்கிறார். நம்ம மாஸ்டர் தொப்பியைக் கழற்றி, வெகு மரியாதையாக, "மிஸ்டர் ஹுமைத், புடவைக்கடை, பண்டாரவளை" என்றிருக்கிறார்.

அன்றையிலிருந்து என் கடை கடையாக இல்லை. வீரய்யா ஒரு கோழியோடு வந்தார். "மொதலாளி, கானு வேல ஆரம்பிச்சிட்டாங்க. ஒக்கார வச்ச தொரைய ஒருக்கா பாத்துட்டுப் போறோம்" என்றார். மறுநாள் வேறு தோட்டத்து ஆட்கள் பூசணிக்காயோடு வந்தார்கள். அவர்களுக்குக் கூரைத் தகரம் ஒழுகுகிறதாம், அதற்கு எதைப் பிடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். மாஸ்டருக்கோ தமிழ் அரைகுறை, சனம் படிக்க ஆசைப்பட்டு வருகிறது என்று நினைத்து, கடை வாசலிலேயே வரிசையாக உட்கார வைத்துக் காது, கண் என்று பாடம் சொல்கிறார். சீத்தைத் துணி எடுக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஹுமைத் முதலாளி தொழிற்சங்கம் தொடங்கிவிட்டார் என்று பஜார் முழுக்கப் பேச்சு. பொலிஸிலிருந்து ஒருவர் வந்து துணி பார்க்கிற சாட்டில் என்னையே பார்த்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் போகட்டும் மச்சான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வெலிமடை புஹாரி ஹாஜியார் தன் மகனுக்கு மர்லியாவைப் பேச வீட்டுக்கு வருகிறார். நல்ல குடும்பம். மர்லியாவிடம் உம்மா கேட்டதற்குக் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாளாம், அதுவே சம்மதம். ஆனால் ஹாஜியார் தோட்டத்துப் பங்களாக்களுக்கு உருளைக்கிழங்கு போடுகிறவர், துரைமாரின் நிழலுக்குப் பயந்தவர். நான் ஸ்ட்ரைக்காரனை வீட்டில் வைத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டால் வந்த வழியே திரும்பிவிடுவார். அதோடு நம் வழக்கப்படி மாப்பிள்ளை வந்து பெண்ணோடு இருப்பதற்கென்றே அந்த மேல்மாடியை வாப்பா கட்டினார். அங்கே இப்போது மாஸ்டரும் வீரய்யாவின் கோழியும் இருக்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரே மகள். இந்தச் சம்பந்தம் என் வாசலில் வைத்து முறிந்தால் நான் தாங்க மாட்டேன். ஆகவே உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மாஸ்டரை மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ, தேயிலை முளைக்காத எந்த ஊருக்காவது உடனே மாற்றி ஓடர் அனுப்பவும். ஸுபைதாவும், "என்ட நானா மனம் வச்சா முடியும்" என்று உங்களைச் சொல்லி அழுகிறாள்.

தங்களுக்கும் மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், தொல்லையில்லாத வாடகைக்காரர்களையும் தருவானாக. எங்கள் அனைவரின் ஸலாமும்.

இப்படிக்கு,
அன்புள்ள மச்சான்,
ஹுமைத்

பி.கு. இதை ஒட்டித் தபாலில் போடப் புறப்பட்ட நேரம், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன புஹாரி ஹாஜியார் இன்றைக்கே வெலிமடை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். வாசல் முழுக்கச் சனம். மாஸ்டர் அவரைப் பார்த்து இரண்டு கையையும் தாழ்த்தினார். ஹாஜியார் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது. மூக்கைப் பிடிக்கச் சொன்னார், ஹாஜியார் பிடித்தார். பாடம் முடிந்து உள்ளே வந்து பிளேன்டீ குடித்துவிட்டு, என் காதோடு வாயை வைத்து, "என்ட கெழங்கு ஸ்டோருக்குப் பின்னால ஒரு கான் நாறுது ஹுமைத், எழுதாத எடமில்ல. இவர வெலிமடைக்கி ஒருக்கா அனுப்பேலுமா?" என்றார். அல்ஹம்துலில்லாஹ், சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை, தன் கான் கட்டி முடியும் வரைக்கும் மாஸ்டரை மேல்மாடியை விட்டு வேறு ஊருக்கு மாற்றக் கூடாதாம். எனவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். வேறு யாராவது அவரை மாற்றப் பார்த்தாலும் நீங்கள்தான் தடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எங்கள் அறையைக் கொடுத்துவிட்டு, நானும் ஸுபைதாவும் கடையில் துணி வெட்டும் மேசையில் படுத்துக்கொள்வோம். நீங்கள் கலியாணத்துக்குக் கட்டாயம் வரவேண்டும். வாசலில் மாஸ்டர் கையைத் தாழ்த்தினால் ஒன்றும் கேட்காமல் உட்காருங்கள். உங்கள் கந்தோரில் உங்களுக்கு வரவேண்டிய புரமோசனைப் பற்றி நான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.