நாலாமிடத்து ஜுசாராவும் என் நேர்த்திக்கடனும்

இத்தாத்திபா,
நவம்பர் 18, செவ்வாய்.

கர்த்தரின் ஊழியத்தில் இருக்கும் மதிப்பிற்குரிய சகோதரி சுல்மிரா அவர்களுக்கு, தங்கள் உடன்பிறந்த தம்பியும் ரொட்டிக்கடைக்காரனுமாகிய ஜெனேசியோ தலைவணங்கி எழுதுவது. தங்கள் ஜெபத்தின் பலனால் இங்கே நான், என் மனைவி தல்வா, ரொட்டி அடுப்பு மூவரும் நல்ல சூட்டோடு இருக்கிறோம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், போன மாதம் நான் அனுப்பிய கொய்யா கேக்கை மடத்துத் தலைவியம்மா மற்ற சகோதரிகளுக்கும் ஒரு துண்டு கொடுத்திருப்பார் என்றும் நம்புகிறேன்.

அக்கா, மரியாதை இவ்வளவு போதும். காரியம் அவசரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உனக்கு ஒரு சீட்டு அனுப்பி, உங்கள் மடத்துச் சிற்றாலயத்தில் அப்பரெசீடா அன்னையின் காலடியில் வைக்கச் சொன்னேனே, அதை உடனே போய் எடுத்துவிடு. "என் மகள் ஜுசாரா கார்ப் பந்தயத்தை விட்டுவிட்டால், மீசையை மழித்துக்கொண்டு வீட்டிலிருந்து நடந்தே வந்து உம்மைத் தரிசிக்கிறேன் தாயே" என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கும். ஒரு மூலையில் மாவு ஒட்டியிருக்கும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

ஏன் எதற்கு என்று சொல்லாவிட்டால் நீ எடுக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே உன் சுபாவம் அதுதான். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன். ஒன்பது வயதில் யாருடைய பிறந்தநாளுக்கோ குட்டிக் கார் ஓட்டும் இடத்துக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போனதுதான் நான் செய்த முதல் தப்பு. கேக் வெட்டியாயிற்று, பிறந்தநாள்காரப் பிள்ளையே வீட்டுக்குப் போயாயிற்று, இவள் மட்டும் "இன்னும் ஒரே ஒரு சுத்துப்பா" என்று இறங்கவே இல்லை. பதினாறு வயதில், நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு, தலைக்கு மேல் கூரையில்லாமல் இருக்குமே, அந்தக் காரில் ஏறினாள். எங்கள் வேனுக்குக்கூட நான் மழைக்குப் பயந்து கூரை போட்டு வைத்திருக்கிறேன். பதினெட்டு வயதில் இத்தாலிக்குப் போய் ஒரு பட்டறை மாடியில் தங்கி ஒரு வருஷம் ஓட்டினாள். அடுத்த வருஷம் அவள் இடத்தைத் தொத்திறைச்சி ஆலை முதலாளி மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வருவாள் என்று தல்வா விமான நிலையத்துக்கு மூன்று கைக்குட்டை எடுத்துப் போனாள். இவள் ஒரு பழைய டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தாள். மூன்று கைக்குட்டையும் எனக்குத்தான் உதவின.

ஊருக்கு வந்தபின் பந்தயம் இல்லாத நாட்களில் காலையில் நம் கடை வேனில் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வேனைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பாலாடைக்கட்டி ரொட்டி உருண்டைகள் தட்டின் ஒரே பக்கமாக ஒதுங்கி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். ஒதெத்தி அம்மாளின் மகள் கல்யாணத்துக்குக் கொண்டுபோன மூன்றடுக்குக் கேக்கில் மாப்பிள்ளை பொம்மை உச்சியில் நின்றது, பெண் பொம்மையைக் கடைசி அடுக்கிலிருந்து தோண்டி எடுத்தார்கள். "சீக்கிரமா வந்துச்சுல்ல, அதப் பாருங்க" என்று இவள் அந்த அம்மாளிடமே சொல்லியிருக்கிறாள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பந்தயத்தில் அவள் கார் சுவரில் மோதி மூன்று சக்கரங்கள் மூன்று திசையில் போயின. நான் பார்க்கவில்லை. நான் எந்தப் பந்தயத்தையும் பார்த்ததில்லை என்பது உனக்குத் தெரியும். ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, காதை மட்டும் தீட்டி வைத்திருப்பேன். அவள் எஞ்சின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அது நின்றுபோனது. கை எலும்பில் ஒரு விரிசலோடு இறங்கி நடந்து வந்தாள். ஆனாலும் சத்தம் நின்றதற்கும் அவள் குரல் கேட்டதற்கும் நடுவே எனக்குப் பத்து வயது கூடிவிட்டது. அந்த வாரம்தான் உனக்குச் சீட்டு அனுப்பினேன்.

எனக்குத் தெரியாமல் அதே வாரம் தல்வாவும் ஒரு நேர்த்தி செய்திருக்கிறாள். மகள் முதல் மூன்று இடத்துக்குள் வந்து கோப்பையோடு நின்றால் ஒரு வருஷம் காபியைத் தொடமாட்டேன் என்று. ஒரே வீட்டிலிருந்து, ஒரே அன்னைக்கு, ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு மனு! அன்னை என்ன செய்வாள், பாவம்? யார் மனமும் நோகக்கூடாது என்று நடுவாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கை சரியானதிலிருந்து ஜுசாராவுக்கு ஒவ்வொரு பந்தயத்திலும் நாலாமிடம். மழை பெய்தாலும் நாலு, வெயில் அடித்தாலும் நாலு. முன்னால் போகிற இருவர் மோதிக்கொண்டு வெளியேறினால் பின்னாலிருந்து இருவர் எங்கிருந்தோ வந்து இவளைத் தாண்டிப் போவார்கள். கோப்பையும் கிடையாது, விடவும் மனசில்லை. தல்வா தன் நேர்த்தியைப் பற்றிப் போன மாதம் வாய் தவறிச் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பிள்ளையின் காலைப் பிடித்து இழுப்பது என் சீட்டுதான். இதை நான் தல்வாவிடம் சொல்லவில்லை. அவள் கையில் எப்போதும் மாவு உருட்டும் கட்டை இருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இன்டர்லாகோஸ் ஓடுதளத்தில் வருஷத்தின் கடைசிப் பந்தயம். அமெரிக்க அணி ஒன்றிலிருந்து ஓர் ஆள் பார்க்க வந்திருந்தார். ஜுசாரா முதல் மூன்றுக்குள் வந்தால் அடுத்த வருஷம் அங்கே அவளுக்கு ஒரு கார். காலையில் வேனில் போகும்போது அவளே சொன்னாள்: "இன்னிக்கும் நாலுன்னா போதும்ப்பா. ஹெல்மெட்டக் கழட்டி வெச்சிட்டு நாளைலேர்ந்து உங்கூட அடுப்படிக்கு வந்துடுறேன்."

அக்கா, என் மனசு துள்ளியது. பொய் சொல்ல மாட்டேன்.

அணிக்காரர்களுக்கு இரண்டு தட்டு எம்பாடா, மாவுக் கிண்ணத்துக்குள் இறாலை வைத்து மூடிச் சுட்டது, செய்து கொண்டுபோயிருந்தேன். விடியற்காலையிலிருந்து வேனின் உள்ளே, நவம்பர் வெயிலில் இருந்தது. மற்றவர்கள் மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். நிவால்தோ என்று தொந்தி பெருத்த ஓர் ஆள், ஓட்டுபவர்களுக்குச் சுவர்மேல் பலகை நீட்டி இன்னும் எத்தனை சுற்று என்று காட்டுபவர், அவர் மட்டும் பதினொன்று சாப்பிட்டார். பாதிப் பந்தயத்தில் ஓடுதளத்தை ஒட்டிய அணைக்கட்டுப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து கொட்டிய மழையில் ஜுசாராவோடு பேசும் ரேடியோ செத்தது. அதே நேரம் நிவால்தோவையும் காணோம். அணித் தலைவன் தியோன் என்னிடம் ஓடி வந்தான்.

"ஜெனேசியோ அண்ணே, நிவால்தோ கக்கூஸ விட்டு வெளிய வர மாட்டேங்குறாரு. பலகை பிடிக்க ஆளில்ல, வாங்க!"

"நானா? நான் பந்தயத்தப் பாக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"பாக்க வேணாம்ணே, பிடிங்க. உங்க இறால் பண்ணின வேலைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

முதுகைக் காட்டிக்கொண்டு பலகையை நீட்ட முடியாது என்பது சுவரருகே போனபின்தான் தெரிந்தது. திரும்பி நின்றேன். ஜுசாரா நாலாமிடத்தில் வந்துகொண்டிருந்தாள், வேறெங்கே வருவாள்! தியோன் என் காதில் கத்தினான்: "இன்னும் நாலு சுத்து. முன்னால போறவன் டயர் தேஞ்சுபோச்சு. 'முந்து'ன்னு காட்டுங்க!" என் காலடியில் இன்னொரு பலகை கிடந்தது. 'உள்ளே வா' என்ற பலகை. அதைக் காட்டினால் அவள் மறுபேச்சில்லாமல் வந்துவிடுவாள். பந்தயம் முடிந்தது, அமெரிக்கா முடிந்தது, நாளை அடுப்படியில் என் பக்கத்தில் நிற்பாள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதை உன்னிடம் சொல்கிறேன் அக்கா: நான் அதைக் குனிந்து கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். பதினைந்து வருஷமாகக் காதால் மட்டும் கேட்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். பைத்தியம் மாதிரி ஓட்டுகிறாள் என்று நினைத்து வாழ்ந்திருக்கிறேன். அப்படி இல்லவே இல்லை. நேர்த்தடத்தின் கடைசியில் இடம் இருந்தது, நுழைந்திருக்கலாம், நுழையவில்லை. ஈரம் எங்கே கூடுதல் எங்கே குறைச்சல் என்று, நான் மாவைத் தொட்டுப் பதம் பார்ப்பதைப்போல, பொறுமையாகப் பார்த்துக்கொண்டு போனாள். என் பெண்ணுக்குத் தன் வேலை தெரிந்திருக்கிறது அக்கா. எனக்குத்தான் அது தெரியாமல் இருந்திருக்கிறது. 'உள்ளே வா'வைக் கீழே போட்டேன், அது தியோன் கால்மேல் விழுந்தது. 'முந்து'வைத் தூக்கிப் பிடித்தேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று நொண்டிக்கொண்டே அவன் கத்தியது என் காதில் ஏறவில்லை. கடைசிக்கு முந்தின சுற்றில், மேட்டில் ஏறும்போது, அவள் அந்தக் காரைத் தாண்டினாள்.

மூன்றாமிடம்!

கோப்பையோடு நேராக என்னிடம் வந்தாள். "பலகையத் தலைகீழாப் பிடிச்சது நீதானே?"

"மழையில உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வேற எவன் பலகையப் பிடிச்சிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுவான்?" என்று சிரித்தாள். பிறகு என் ஈர மீசையைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இத்தன வருஷமா உன் முதுகத்தான் பாத்துக்கிட்டே ஓட்டினேன்ப்பா. இன்னிக்குத்தான் உன் மூஞ்சியப் பாத்தேன்."

இதற்குமேல் நான் என்ன எழுதுவது? அமெரிக்கக்காரர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். தல்வா நேர்த்தியை நிறைவேற்றத் தொடங்கிவிட்டாள். காபி இல்லாமல் இது மூன்றாம் நாள். இன்று காலை ஒரு வாடிக்கையாளர் ரொட்டி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாமே என்று சொல்லப்போய், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, இனி பக்கத்துத் தெருக் கடைக்குப் போவதாக முடிவு செய்துவிட்டார். அதனால் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அந்தச் சீட்டை எடுத்துக் கிழித்துவிடு. அன்னை அதைப் படித்திருந்தால் அறியாத தகப்பன் எழுதியது என்று நீயே எடுத்துச் சொல். மீசையை வேண்டுமானால் சும்மாவே மழித்துக்கொள்கிறேன்.

மடத்துத் தலைவியம்மாவுக்கும் மற்ற சகோதரிகளுக்கும் எங்கள் பணிவான வணக்கம். தல்வா தன் அன்பைத் தெரிவிக்கச் சொல்கிறாள், காபி வாசனை வராத ஊர் ஏதாவது தெரியுமா என்றும் கேட்கிறாள். அன்னையின் நீல மேலாடை உன்னையும் எங்களையும் மூடிக் காக்கட்டும்.

உன் பாசமுள்ள தம்பி,
ஜெனேசியோ.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. சீட்டை எடுக்காதே. உறையை ஒட்டப் போகும்போது ஜுசாரா வந்து அமெரிக்க ஓடுதளத்தின் படத்தைக் காட்டினாள். முட்டை வடிவமாம், சுற்றிலும் சுவராம், மணிக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டராம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நீ ஒன்று செய் அக்கா. சீட்டைக் கிழிக்கவும் வேண்டாம், மேலேயும் வைக்க வேண்டாம். அன்னையின் காலடியில் குவிந்திருக்கும் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில், ஆகக் கடைசியில் செருகி வை. அவள் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்து என்னுடையதை எடுக்கும்போது ஜுசாராவுக்கு நாற்பது வயது ஆகியிருக்கட்டும்.