கட்டிடுங்க

டேப்பின் மறுமுனையை எருமை மிதித்துக்கொண்டு நின்றது.

"நாப்பத்தெட்டு" என்றார் ராமதாஸ். நீர்நிலைகளைச் சுற்றி ஊராட்சி புதிதாகப் போட்ட விதிக்கு அவர்தான் ஆள். அளப்பதும் அவர், முறைப்பதும் அவர். "ஏரித் தண்ணிலேருந்து அம்பது அடிக்குள்ள எதுவும் கட்டக் கூடாது சார். உங்களுக்கு ரெண்டு அடி கம்மி."

"போன வாரம் அம்பத்தொண்ணு இருந்துது" என்றான் கலையரசன்.

"போன வாரம் மழை இல்ல. விதி வந்தது ஏரிக்குத் தெரியுமா?"

எருமை காலை எடுத்தது. டேப் பயந்த பாம்பு மாதிரி ராமதாஸின் கைக்குள் ஓடி ஒளிந்தது.

"ஏ மல்லிகா!" என்று கத்திக்கொண்டு கன்னியம்மாள் கயிறும் கையுமாக ஓடி வந்தாள். மல்லிகா என்றது எருமையை. "மன்னிச்சுக்கோ சார். வாயில்லாத ஜீவன். டீச்சரம்மா இருந்தப்ப..."

"எருமைய ஓட்டும்மா."

மனைவி வேதாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவன் துரத்திவிடுவான். இன்று பேச்சையும் எருமையையும் சேர்த்தே துரத்தினான்.

வேதா இந்த அடிஅண்ணாமலை ஊர்ப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். அவள் சம்பளத்தில் வாங்கிய மனை இது. ஆஸ்பத்திரியில், கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எவ்ளோ நாளைக்குத்தான் அடுத்தவங்க எடத்துலயே இருக்கறது, பாவம். நம்ம மனைலயே கட்டிடுங்க. தண்ணி பக்கத்துலயே இருக்கு."

வேங்கிக்காலில் அவர்கள் குடியிருந்தது வாடகை வீடு. "சரி" என்றான். அதற்குப் பிறகு அவனுக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வேலை அந்தச் 'சரி'தான்.

"ரெண்டு அடிதான சார்? வீட்ட பின்னாடி தள்ளிக்கலாம்" என்றார் வேடியப்பன் மேஸ்திரி, வீடு என்னவோ கட்டில் மாதிரி.

தள்ளினார்கள். பழைய சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டு, கடைக்கால் பள்ளம் தோண்டினார்கள். பின்மூலையில் கடப்பாரை இறங்கிய இடத்தில் 'பொளக்' என்று ஒரு சத்தம். மேஸ்திரி குனிந்து பார்த்தார். கீழேயிருந்து தண்ணீர் அவரை நிமிர்ந்து பார்த்தது.

மறுநாள் காலை கலையரசன் வந்தபோது வீடு தயாராக இருந்தது. தண்ணீரால். பள்ளங்களெல்லாம் நிரம்பி, கூடம், சமையலறை, படுக்கையறை என்று வரைபடத்தில் இருந்தபடியே மின்னின. சமையலறைச் சுவரில் ஒரு மேகம் மெதுவாக நகர்ந்தது. வாசலில் ஒரு கொக்கு, உள்ளே வரலாமா என்பது போல ஒற்றைக் காலில் நின்றது. கூடத்தில் மல்லிகா படுத்திருந்தது.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அழகாக இருந்தது என்று தோன்றியதும் தலையை உதறிக்கொண்டான்.

"ஊத்தும் நீர்நிலைதான் சார்" என்றார் ராமதாஸ். "அதச் சுத்தியும் அம்பது அடி விடணும்."

"என் மனையே நாப்பது அடிதாங்க."

"அப்ப உங்க மனைக்கு வெளிய கட்டுங்க."

"தண்ணி இல்லாம பண்ணிட்டா?"

ராமதாஸ் யோசித்தார். "தண்ணி இல்லன்னா நீர்நிலை இல்ல. நீர்நிலை இல்லன்னா நானும் இல்ல."

வாடகைக்கு ஒரு டீசல் மோட்டார் வந்தது. பகலெல்லாம் இறைத்தது. இறைத்த தண்ணீர் வேறெங்கும் போகாமல், மனையின் பள்ளமான ஓரத்தில் குட்டையாகத் தேங்கியது. மல்லிகா கூடத்தைக் காலி செய்துகொண்டு குட்டைக்குக் குடிபோயிற்று. கூடத்தில் மறுபடியும் தண்ணீர் ஏறியது.

"மேஸ்திரி, ஏறுதே!"

"பீடி பத்த வெக்க மோட்டார நிறுத்தனேன் சார். அந்த கேப்புல வந்துருச்சு."

கன்னியம்மாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். "சார், டீச்சரம்மா உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பாங்களே..."

"மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா."

மோட்டார் அப்போது ஓடவில்லை.

அடுத்தது மண். இரண்டு லோடு சொன்னான். லாரிக்காரன் சேற்றைப் பார்த்துப் பயந்து, உள்ளே வராமல் குட்டைக்கு அப்பால் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். கொட்டிய மண் கரையாயிற்று. கரை என்று ஒன்று வந்ததும் தண்ணீருக்குத் தைரியம் வந்துவிட்டது. இரண்டு நாள் மழையில் குட்டையும் ஊற்றும் கடைக்காலும் ஒன்றாகக் கலந்து விரிந்தன. வீடு முழுகியது. அதாவது, வீடு முழுகியதாக அவனுக்கு மட்டும் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது குளம்.

"ஒழுங்கா பிளான் போட்டு வெட்னா கூட இப்டி அமையாது சார்" என்றார் ராமதாஸ், தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பாராட்டும் குரலில்.

"இதெல்லாம் வேணும்னு பண்ணல."

"அதான் சார் அழகு."

அன்று பௌர்ணமி. கிரிவலம் வந்த கூட்டத்தில் சிலர் கால் கழுவ இடம் தேடி, சாலையிலிருந்து இறங்கி வந்தார்கள். முதலில் வந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீருக்குள் மலை முழுசாகத் தெரிந்தது.

"இது என்ன தீர்த்தங்க?"

மேஸ்திரிக்கு யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. "கலையரசன் சாரோடதுங்க."

"கலையரச தீர்த்தமா!" என்று அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சமையலறை மூலைக்கு அடையாளமாக நட்டிருந்த கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசிவிட்டார்கள். ராமதாஸ் டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"இனிமே இங்க என் விதியே தேவையில்ல சார். சாமி விஷயமாயிடுச்சு. ஒரு செங்கல் வெச்சீங்கன்னா ஜனங்களே விடமாட்டாங்க."

கூட்டம் கலைந்து போனது. மேஸ்திரி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கலையரசன் கரையில் உட்கார்ந்தான். அவன் கூடத்தில் மலை தலைகீழாகப் படுத்திருந்தது. படுக்கையறைப் பக்கம் நிலா மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு கொம்பும் ஒரு மூக்கும் மட்டும் மிதந்தன. மல்லிகா மூச்சு விடும்போதெல்லாம் மலை லேசாக அசைந்து, மறுபடி சேர்ந்தது.

கன்னியம்மாள் கயிற்றோடு வந்து தள்ளி நின்றாள். "இதோ ஓட்டிக்கினு போயிடறேன் சார்."

"வேணாம். இருக்கட்டும்."

அவள் நம்பாமல் அவனைப் பார்த்தாள். அவன் தண்ணீரையே பார்த்தபடி பேசினான். வேதா போன பிறகு அவன் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

"அவ என்னக் கடைசியா ஒண்ணே ஒண்ணுதாம்மா கேட்டா. எவ்ளோ நாளைக்கு அடுத்தவங்க எடத்துல இருக்கறது, நம்ம மனைலயே கட்டிடுங்கன்னா. ஒரு வீடு. அதக் கூட என்னால கட்ட முடியல."

கன்னியம்மாளின் கையிலிருந்து கயிறு நழுவியது.

"ஐயோ சாமி! ஊரான் கொல்லையில கட்டி தெனம் ஏச்சு வாங்கறேன்னு டீச்சரம்மாகிட்ட நான்தான் சார் அழுதேன். அவங்க கட்டச் சொன்னது வீட்ட இல்ல, என் எருமைய!"