அரிசிக்குள் பழுத்த புத்தகம்

இல்லாத ஒரு மனிதனை நான் அநியாயமாகக் கொன்றிருக்கிறேன். அறுபத்தெட்டு வயதில், ராஜபாளையத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், முறுக்கு தின்றுகொண்டே செய்த கொலை.

மகள் விட்டுப்போன ஆட்டம் அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிப் பிழைக்க வேண்டும். கதைசொல்லி நான் (கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்தியவனுக்குப் பிறரை மிரட்டுவது பழகிய வேலைதானே). மில் சூப்பர்வைசராக இருந்த அந்தோணி மந்திரவாதி. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறி வரும் ஓய்வுபெற்ற தபால்காரன் குருசாமி, செங்கோடன் என்கிற திருடன். ஆறு வருடமாக அதே செங்கோடன்.

ஆட்டத்துக்குப் புதிய பதிப்பு வருகிறது என்றதும் சண்டை தொடங்கியது. பழைய விதிப்படி உயிர்ப்புள்ளி தீர்ந்தால் ஆள் காலி. புதியதில் மூன்று முறை பகடை உருட்டலாம். ஒரு தடவை ஐந்தோ ஆறோ விழுந்தால் பிழைப்பான். சாவு பயம் போய்விட்டால் ஆட்டத்தில் என்ன இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் விரிவுரை ஆற்றினேன்.

“விழுந்தவனுக்கு நாடிகூடப் பாக்காமப் பொதைக்கச் சொல்லுதியேலே,” என்றான் குருசாமி.

அந்தோணியும் அவன் பக்கம் சாய்ந்தான். புதிய விதிப் புத்தகம் என் கைக்கு வரும் நாளிலிருந்து புதிய விதி என்று முடிவானது.

புத்தகம் வியாழக்கிழமையே தபாலில் வந்துவிட்டது. தோற்ற கடுப்பில் அதை அரிசி டிரம்மின் அடியில் புதைத்தேன்.

ஞாயிறன்று கதையைச் செண்பகத்தோப்புக் காட்டுக்குக் கொண்டுபோனேன். யானை உயர அணில் ஒன்று துரத்த, செங்கோடன் பாறையிலிருந்து சறுக்கினான். உயிர்ப்புள்ளி தீர்ந்தது. புத்தகம் வந்துவிட்டதா என்று குருசாமி கேட்டான். வரவில்லை என்றேன்; பழைய விதிப்படி ஆள் காலி. செங்கோடனை எழுதி வைத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

விருந்தாளிகளுக்கும் சேர்த்து அரிசி அளக்கப் போன என் மனைவி அப்போதுதான் புத்தகத்தோடு வந்தாள். அட்டையிலிருந்து அரிசி உதிர்ந்தது.

“மாம்பழத்த வைப்பாக, சப்போட்டாவ வைப்பாக. நீங்க புத்தகத்தையா பழுக்க வச்சிருக்கீக?”

குருசாமி கத்தவில்லை. “முப்பத்தஞ்சு வருசம் பை தூக்குனேன். வந்த தபால ஒரு நாளும் நான் ஒளிச்சதில்லலே,” என்றான். போய்விட்டான். மூன்று ஞாயிறு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

நாலாம் ஞாயிறு வெள்ளை வேட்டி கட்டி, ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, செங்கோடனுக்குத் துட்டி கேட்கப் புறப்பட்டேன். சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத் தவிர வேறு பரிகாரம் எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் மாலையைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தார்கள். மடவார் வளாகத்தில் இறங்கி நடந்தபோது, மரியாதைக்கு ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்தார்கள். வாசலை அடையும்போது ஒன்பது பேர். குருசாமியின் மனைவி எங்களைக் கண்டு, புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று உள்ளே ஓடிப் பார்த்தாள். அவன் தோசை தின்றுகொண்டிருந்தான்.

“செங்கோடன் சாவுக்கு நான்தாம்ல காரணம். பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுரு,” என்றேன்.

 எங்கே இறந்தார் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். செண்பகத்தோப்பில் என்றேன்.

“பாரஸ்ட் ஆபீசுல சொல்லியாச்சா?”

குருசாமி கை கழுவி வந்தான். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தான். “பகடை கொண்டாந்திருக்கியா?”

கொண்டுபோயிருந்தேன். ஒன்பது சாட்சிகள் முன்னால், புதிய விதிப்படி உருட்டினான். இரண்டு. ஒன்று. மூன்றாவதற்கு அவன் மனைவிகூடக் குனிந்து பார்த்தாள். மூன்று.

“இப்பச் செத்தாம்லே,” என்றான், நிம்மதியாக. மாலையை வாங்கித் தாள்மேல் போட்டான். ஒன்பது பேருக்கும் காப்பி வந்தது.

இப்போது கதைசொல்லி குருசாமி. என் பாத்திரம் அவன் கதையில் வாரம் தவறாமல் பாறையிலிருந்து விழுகிறது. மாம்பழ சீசனில் பழம் வைக்க டிரம்மைத் திறக்கும் என் மனைவியோ, முதலில் அடிவரை கைவிட்டுத் துழாவிப் பார்க்கிறாள். மருமகன் எதிரில்கூட.