அசலில் ஒரு ஐந்நூறு

விடிந்தும் விடியாத நேரத்தில் கதவைத் தட்டிக் கடன் கேட்பவர்களை ஜெயசித்ரா நிறையப் பார்த்திருக்கிறாள். வட்டிக்குக் கொடுப்பவர் வீடென்றால் அப்படித்தான். கடனைத் திருப்பிக் கொடுக்கத் தட்டியவள் முருகம்மாள் ஒருத்திதான்.

“அண்ணாச்சி எங்க மைனி?”

“அவுக இல்லையே. குளிச்சு, பட்டை போட்டுக்கிட்டு இப்பதான் அவசரமா வெளிய போனாவ.”

“இந்நேரத்துலயா?”

“நானும் அதத்தான் கேட்டேன். அதுக்குள்ள தெருவத் தாண்டிட்டாவ. என்ன விசயம்?”

முருகம்மாள் கைக்குள் மடித்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டைக் காட்டினாள். “அசல்ல வரவு வைக்கணும்.”

“எங்கிட்ட குடுங்க, சொல்லிருதேன்.”

“உங்ககிட்ட குடுத்தா பலிக்காது மைனி. கடன் குடுத்தவுக கையிலதான் குடுக்கணும்.”

ஐந்தருவியில் பஜ்ஜிக் கடை போடுவதற்காக முருகம்மாள் இந்த வீட்டு அய்யாக்குட்டி அண்ணாச்சியிடம் ஒரு லட்சம் வாங்கியிருந்தாள். முதலில் புருஷன் பலவேசத்திடம்தான் கேட்டாள். செங்கோட்டை மரக்கடை ஒன்றில் அவருக்கு வாட்ச்மேன் வேலை. “எங்கிட்ட ஏதுட்டி பைசா?” என்று சட்டைப் பையை வெளியே இழுத்து உதறிக் காட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் அவள் கழுத்துச் சங்கிலி அண்ணாச்சியின் பீரோவுக்குள் போனது.

மூன்று வட்டி. போன சீசனில் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டதால் பஜ்ஜி தின்ன ஆளில்லை. வட்டி கட்டியே அவள் ஓய்ந்து போனாள். அசல் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. வருகிற ஆவணியில் மகள் நிவேதாவுக்குக் கல்யாணம். அந்தச் சங்கிலியைப் போட்டு அனுப்புவதாகத்தான் பேச்சு. சம்பந்தியம்மாள் பார்க்கும்போதெல்லாம் இவள் வெறுங்கழுத்தையே உற்றுப் பார்ப்பாள்.

இந்த நிலைமையில்தான் செல்போனில் செல்வச் சுவாமி வந்து சேர்ந்தார். தன்னை ஆன்மிக நிதி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவர். வரவுக்குள் செலவு செய், புதுக் கடன் வாங்காதே என்பதெல்லாம் யாரும் சொல்கிற புத்திதான். ஆனால் மைத்ர முகூர்த்தத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்ததும் முருகம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும் அந்த நேரத்தில், அசலில் கொஞ்சத்தைக் கடன் கொடுத்தவர் கையில் கொடுத்துவிட்டால் போதுமாம். மிச்சக் கடன் மளமளவென்று தீர்ந்துவிடுமாம்.

அந்த நேரம் இப்போது அண்ணாச்சி வீட்டு வாசலில் வீணாகிக்கொண்டிருந்தது.

முருகம்மாள் விடுகிற ஆளில்லை. தெருவில் நின்றபடியே ஐந்நூறு ரூபாயை ஜீபே பண்ணினாள். போன் வழியாகப் போனாலும் அவர் கணக்குக்குத்தானே போகிறது!

அவள் போனை இடுப்பில் செருகுவதற்குள் அது கத்தியது. அண்ணாச்சி பணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

நேரலையில் இருந்த செல்வச் சுவாமியிடம் இதைக் கேட்டாள். சுவாமி கண்ணை மூடித் திறந்தார்.

“முகூர்த்த நேரத்துல பணம் கொடுக்கணும்; வாங்கவே கூடாதும்மா. வாங்கினா கடன் ரெண்டு மடங்காகும். பரிகார தீபம் ஏத்திடலாம். மூவாயிரம்தான்.”

பரிகாரத்துக்கு மகளிர் குழுவில் மூவாயிரம் வாங்கினாள். அதோடு புதுக் கடன் வாங்காதே என்ற புத்திமதியும் போயிற்று.

“முகூர்த்தமாவது மண்ணாங்கட்டியாவது!” என்றார் பலவேசம். “கடன அடைக்கக் கடன் வாங்குன ஒரே ஆளு நீதாம்ட்டி.”

“உங்களால ஆனதப் பாத்தாச்சு. சும்மா இருங்க. அண்ணாச்சி வேணும்னே ஒளியுதாரு. அசல் குறைஞ்சா வட்டி குறையும்லா? ஆடி முடியதுக்குள்ள அவரு கையில திணிக்கலேன்னா எம் பேரு முருகம்மா இல்ல.”

கல்யாணத்துக்கு முன்னால் கடைசி முகூர்த்தம் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வந்தது. நல்ல சீசன், சாரல், கூட்டம். கடையை யாரிடம் விட்டுவிட்டு எந்த வழியாகத் தென்காசியில் இருக்கும் அண்ணாச்சி வீட்டுக்குப் போவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அய்யாக்குட்டி அண்ணாச்சி இடுப்பில் துண்டோடு கடை வாசலைக் கடந்து அருவிப் பக்கம் ஓடினார். இவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெய்வமே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று முருகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்நூறு ரூபாயைப் பாலித்தீன் கவரில் சுற்றினாள். வாணலியில் பஜ்ஜி கருகக் கருக விட்டுவிட்டு ஓடினாள்.

அண்ணாச்சி ஆண்கள் குளிக்கும் பக்கம் போய்விட்டார். முருகம்மாளும் போனாள். விசில் ஊதிக்கொண்டு பெண் போலீஸ் ஓடி வந்தாள்.

“ஏம்மா! அது ஆம்பளைங்க பக்கம்!”

“நான் குளிக்க வரல மேடம். அசல் குடுக்க வந்தேன்!”

குளித்துக்கொண்டிருந்தவர்கள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வழி விட்டார்கள். அண்ணாச்சி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி முஷ்டியை மூடிக்கொண்டார்.

“வேண்டாம் தாயி! இந்த நேரத்துல நான் கை நீட்டி வாங்கப்படாது! நாளைக்கு வா, வாங்கிக்கிடுதேன்!”

“நாளைக்கு எதுக்கு? எம் மக கல்யாணத்துக்குச் சங்கிலி வேணும் அண்ணாச்சி. கையத் தொறங்க!”

அருவித் தண்ணீர் தலையில் கொட்ட, அவள் ஒரு பாறைமேல் ஏறி அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவர் உள்ளங்கையில் ஏற்கெனவே ஒரு பாலித்தீன் கவர் இருந்தது. அதற்குள் ஐந்நூறு ரூபாய் நோட்டு.

“இது என்ன அண்ணாச்சி?”

அண்ணாச்சி கையை உதறி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவருக்கு வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துவிடும் கிதிர் முகம்மது பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் கைக்குக் கீழே படுத்தால் யாரும் எதையும் மறைப்பதில்லை.

“அவுகள விடுங்க அக்கா,” என்றார் கிதிர் முகம்மது. “உங்களுக்குக் குடுத்த லட்சமே அண்ணாச்சி உங்க வீட்டுக்காரர்ட்ட வட்டிக்கு வாங்குனதுதான், அதுல அசல் குடுக்கத்தான் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் தேடி அலையுதாவ, அவரு வாங்கமாட்டேன்னு அந்தா பாறைக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்காரு!”