ஜும்ஆவுக்குத் தடவிய இத்தாலி எண்ணெய்

சிவகாசி
சனிக்கிழமை

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் ஜாபர் சாதிக் அவர்களுக்கு, தங்கள் அக்காள் பீவி ஜானின் கணவன் முகம்மது இஸ்மாயில் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு கழுத்தும் மணிக்கட்டும் நீங்கலாக நலம். கொச்சியில் தங்கள் வாசனைச் சிகிச்சை நிலையமும், அங்கு கண்மூடிப் படுத்திருப்போரும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். போன் செய்யாமல் கடிதம் எழுதக் காரணம், போனில் என்றால் நீங்களே பேசிவிடுவீர்கள்.

நிற்க. எனக்குத் தூக்கம் வர தாங்கள் அனுப்பிய சிறு குப்பி கிடைத்தது. கூட வந்த பதினோரு நிமிச வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். இத்தாலியின் தென்கோடியில் கடலோரம் விளையும் பெர்கமாட் பழம், நம்மூர் நாரத்தைக்கு ஒன்றுவிட்ட சொந்தம், கசப்பும் புளிப்பும் தாங்காமல் யாரும் அப்படியே தின்பதில்லை, தோலைப் பிழிந்து எண்ணெய் எடுப்பார்கள், வெந்நீரில் நாலு சொட்டு விட்டு மோந்தால் படபடப்பு அடங்கும், சீமைத் தேயிலைக்கும் அதுதான் மணம்... இம்புட்டும் கேட்டேன். ஒன்பதாவது நிமிசத்துல பட்டாசுப் பெட்டி லேபிள் லோடு ஏத்த நம்ம அச்சகத்துக்கு வண்டி வந்துருச்சு, அணைச்சுட்டேன். பத்தாவது நிமிசத்துலதான் மச்சான் முக்கியமான சேதியச் சொல்லியிருக்கீக. ஏன் மச்சான், தலைபோற சேதிய முதல்ல சொல்லக் கூடாதா?

போன வாரம் வெள்ளிக்கிழமை எம்மக ஹஸ்னாவுக்கு நிக்காஹ் தேதி வைக்க, மாப்பிள்ளையோட அத்தா, காரியாபட்டி அரிசி மண்டி மைதீன் பிச்சை வந்தாக. சேர்ந்து ஜும்ஆத் தொழுகைக்குப் போனோம். சின்னக் குப்பியில மணமான எண்ணெயக் கண்டா நம்ம கை சும்மா இருக்குமா? அத்தர் போடுற மாதிரி காதுக்குப் பின்னால, கழுத்துல, மணிக்கட்டுல ஒரு இழுப்பு இழுத்தேன். நாம மட்டும் மணந்தா மரியாதையா? சம்பந்திக்குத் தாராளமாத் தடவினேன். பக்கத்து ஆளு கைய நீட்டினாரு, அவருக்கு அடுத்தாளும் நீட்டினாரு, வரிசை முழுக்கத் தடவி, பாங்கு சொல்ற மோதினாருக்கும் ஒரு இழுப்பு. "என்ன அத்தர்?"னு சம்பந்தி கேக்க, "இத்தாலி அத்தர், மச்சான் அனுப்பினது"ன்னு பெருமை வேற. தொழுதுட்டு, மண்டபம் பாக்க அவுகள அக்கினி நட்சத்திர வெயில்ல ஒரு மணி நேரம் நடத்தியே கூட்டிட்டுப் போனேன்.

மறுநாள் எரிச்சல். அதுக்கு மறுநாள் தடவின இடமெல்லாம் கன்னங்கரேல்னு ஆயிருச்சு. விருதுநகர் தோல் டாக்டர், "இதைப் பூசிக்கிட்டு வெயில்ல போனா சுட்டுரும், கருப்பு மறைய மாசக்கணக்காகும்"ங்காரு. வீட்டுக்கு வந்து மெசேஜ மறுபடி போட்டுக் கேட்டா, பத்தாவது நிமிசத்துல மச்சானும் அதையேதான் சொல்லியிருக்கீக. அன்னைக்கு என் வரிசையில யாரு நின்னாகன்னு இப்ப கழுத்தப் பாத்தே சொல்லிரலாம். வெடி கம்பெனி முத்துராமலிங்கம் அண்ணாச்சி, "மருந்து கிருந்து தொட்டீகளா பாய்?"னு பதறுறாரு. முப்பது வருசமா வெடிமருந்து ஊர்ல ஒரு தழும்பு இல்லாம இருந்தவன ஒரு பழத்தோல் சுட்டுருச்சு. உங்க அக்காகிட்டச் சொன்னா, "எந்தம்பி மோந்து பாக்கத்தான அனுப்புனான், ஊருக்கெல்லாம் பூசச் சொன்னானா?"ங்கா.

சிரிப்பு இருக்கட்டும் மச்சான். எட்டு நாளா சம்பந்திகிட்ட இருந்து போன் இல்ல, நான் போட்டாலும் எடுக்கல. தேதியும் வைக்கல. ஹஸ்னாவுக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்கு. சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கா, தின்ன மாட்டேங்கா. புள்ள கல்யாணத்த என் கையாலயே கெடுத்துட்டேன். ஆகவே, தங்கள் எண்ணெய் எதுவும் இனி சிவகாசி எல்லைக்குள் வரக் கூடாது. மீதிக் குப்பியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

தங்கள் தொழில் பெருகவும், வாய்ஸ் மெசேஜ் சுருங்கவும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஷாஹிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம்.

இப்படிக்கு,
வெந்த கழுத்துடன்,
முகம்மது இஸ்மாயில்

பி.கு.: கவரை ஒட்டப் போறேன், சம்பந்தி வாசல்ல வந்து நிக்காக, கழுத்துல துண்டோட. உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன். தண்ணி குடிச்சு, செருமிட்டுச் சொன்னாக: "என் போனை வீட்டுக்காரி வாங்கி வச்சுக்கிட்டா பாய், நான் ஓய்வெடுக்கணுமாம். இருபத்தஞ்சு வருசமா முகங்கொடுத்துப் பேசாதவ, ஒரு வாரமா காலையும் மாலையும் கத்தாழை தடவி விடுறா." தேதியும் வச்சாச்சு மச்சான், நிக்காஹ் அடுத்த மாசம் பதினெட்டு, அவசியம் வந்துருங்க. கிளம்புறப்ப என் காதுகிட்டக் குனிஞ்சு, "எரிச்சல் ஆறிட்டு வருது பாய், அந்த இத்தாலி அத்தர் மிச்சம் இருக்கா?"ன்னாக. குப்பிய அவுகளுக்கே குடுத்துட்டேன். எனக்கு ஒண்ணு அனுப்புங்க மச்சான், உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்.